முந்திரிகை இலை வறை

கத்தரினிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. விளங்காத கதை எதுவென்றாலும் "ஓம்" என்று சொல்லிவிடுவாள். தமிழர் என்றால் "ஓம்", ஆங்கிலம் பேசுபவர் என்றால் "யெஸ்", பிரெஞ்சுக்காரர் என்றால் "உய், உய்". காதை நம்பமாட்டாள், எதிரே நிற்பவரின் முகத்தைத்தான் பார்ப்பாள். முகம் சிரித்தால் ஓம். முகம் சுருங்கினால் "ஐயோ பாவம்". மொன்றியலில் முப்பது வருடங்களை இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டாள் என்றால் பாருங்களேன். ஒருதடவை மகனுடைய பள்ளிக்கூட ஆசிரியை சிரித்துக்கொண்டே ஏதோ கேட்க, இவளும் சிரித்துக்கொண்டே "உய்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பிள் தோட்டத்துக்குப் போகும் பேருந்தில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் காவலாக ஏற வேண்டியதாயிற்று. ஏறினாளே தவிர, "எனக்கு விளங்கேல்லை" என்று வாய் திறந்து சொல்லவில்லை. செத்தாலும் சொல்லமாட்டாள்.

அந்த மகன்தான் றொக்சன். ஒரே பிள்ளை. வேலையிடத்துக்குக் கிட்ட என்று வெர்டனில் கூட்டாளிமாரோடு அறை எடுத்து இருந்தான். ஓகஸ்ட்டில் அவனுக்குக் கல்யாணம். பெண் ஜொயெல், லெபனான்காரி. "எங்கடை ஆக்கள் இல்லையே" என்று தகப்பன் அருமைராசா முதலில் முனகினார்தான். "வேதக்காரப் பிள்ளைதானே, பேசாமல் இருங்கோ" என்று அவரை அடக்கியவள் கத்தரின். அவளுடைய பயம் வேறு. ஜொயெலின் தாய் நவால் புருசனை இழந்தவள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவலில் இருக்கிறாள். ஒரே மகள். அந்த மனுசி மாப்பிள்ளையைத் தன்னுடைய வீட்டோடு எடுத்துக்கொண்டால்?

ஆனால் அந்தப் பயமும் உயிர்த்த ஞாயிறு, அதுதான் ஈஸ்டர், அன்றைக்கே தீர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் வைத்து றொக்சன் ஒரு நீளக் கதை சொன்னான். அவனுடைய தமிழ் வீட்டுக் கதைக்குத்தான் போதும், பெரிய விசயம் என்றால் பிரெஞ்சுக்குள் விழுந்துவிடும். கத்தரினுக்குப் பிடிபட்டவை "செப்டெம்பர்", "அப்பார்த்துமோ" என்ற இரண்டும்தான். அப்பார்த்துமோ என்றால் வீடு, அது அவளுக்குத் தெரியும். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "உங்களுக்குச் சரிதானே அம்மா?" என்று கேட்டான். "ஓம் ராசா, எனக்குச் சந்தோஷம்" என்றாள். கல்யாணம் முடிய, செப்டெம்பரில் கீழ் வீட்டுக்கு, அதுதான் இந்தப் பியர்பொன்ட்ஸ் வீட்டின் பேஸ்மென்றுக்கு, வரப்போகிறார்கள்! வேறு என்னவாக இருக்க முடியும்? அடுத்த கிழமையே அருமைராசாவைப் பிடித்துப் பேஸ்மென்றுக்கு இளநீலப் பெயின்ற் அடிப்பித்தாள். றொக்சன் வந்து பார்த்து "வடிவா இருக்கு" என்றான். பிறகென்ன, உறுதிதான்.

இனி அந்த லாவல் மனுசி குழப்பாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் றொக்சன் காரில் போய்க்கொண்டே போன் எடுத்தான்.

"அம்மா, சனிக்கிழமை பத்து மணிக்கு நவால் அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாறம். வற எனப் செய்ய. இலை நாளைக்குக் கொண்டந்து வைக்கிறன்."

பக்கத்தில் ஏதோ லொறி இரைந்தது.

"என்ன இலை ராசா?"

"கிறேப். முந்திரிகை. அன்ரியின்ரை வளவிலை நிக்கிறது. வற எனப் எண்டா அவைக்கு உயிர். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கழுவி மட்டும் வையுங்கோ. சரியே?"

"ஓம் ஓம், வறைதானே. வை, நான் பாக்கிறன்" என்றாள் கத்தரின்.

போனை வைத்தாள். வறை என்றால் இவளுக்குத் தெரியாத வறையா? இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு, சட்டியில் தண்ணீர் வற்ற வறட்டி எடுத்தால் வறை. முருங்கையிலையில் போடுவோம், அகத்தியில் போடுவோம், முசுட்டையில் போடுவோம், ஏன், சுறாவிலும் போடுவோம். லெபனான்காரரும் போடுவார்கள் என்பதுதான் புதினம். அதுவும் திராட்சை காய்க்கிற முந்திரிகைக் கொடி இலையில்! "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று அவன் சொன்னதை அவள் காதிலேயே போடவில்லை. எந்தப் பிள்ளைதான் அப்படிச் சொல்லாது? எந்தத் தாய்தான் அதைக் கேட்பாள்?

வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து பார்க்க, வாசல் கதவின் பிடியில் பை தொங்கியது. உள்ளே பச்சைப் பசேலென்று இலைகள். எல்லாம் ஒரே அளவு. காம்பு கிள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெற்றிலைக் கட்டுப் போல வெள்ளை நூலால் கட்டியிருந்தது.

"வறைக்கு அரியப்போற இலையை ஏன் இப்பிடி அடுக்கிக் கட்டியிருக்கினம்?" என்று அருமைராசாவிடம் கேட்டாள்.

"அது அவையின்ரை முறையாக்கும்" என்றார் அவர். அவருக்கு எல்லாமே அவையின்ரை முறைதான்.

"சரி, நாளைக்குக் காலமை பின்வேலியிலை படர்ந்து கிடக்கிற கொடியை வெட்டி எறியுங்கோ. ஆக்கள் வரேக்கை காடு மாதிரிக் கிடக்கு."

"வெட்டுறன், வெட்டுறன்."

பத்து வருடமாக வெட்டுகிறார். அவர் வெட்ட வெட்ட அது அடுத்த வருடமும் வந்து வேலியில் ஏறி நிற்கும்.

சனி காலை ஏழு மணிக்கே கத்தரின் வெட்டுப்பலகையோடு இருந்துவிட்டாள். நூலை அவிழ்த்து, இலைகளைச் சுருட்டி, நூல் நூலாக அரிந்தாள். நல்ல அடுக்கு, அரிவதற்கு அவ்வளவு சுகம்! இதற்காகத்தான் அடுக்கியிருக்கிறார்கள் போல என்று அப்போதைக்கு ஒரு சமாதானம் வந்தது. சட்டியில் போட்டால், இலை வதங்குவேனா என்றது. வாயில் ஒரு துளி போட்டாள். புளிப்பு! முருங்கையிலை கைக்கும், அகத்தி கைக்கும், இதென்ன இது புளிக்கிறது? தேங்காய்ப்பூவை இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள். இன்னும் புளித்தது. மறுபடி ஒரு கை. கடைசியில் இலையைவிடத் தேங்காய்தான் கூடிப்போயிற்று. புளிக்கிறதுதான் இவர்களுடைய வறையோ, தான்தான் ஏதாவது பிழைவிட்டேனோ என்று ஒன்றும் விளங்காமல், செபமாலை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு மூடியைப் போட்டாள். பக்கத்தில் சோறும் வைத்தாள்.

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்தது. லாவலிலிருந்து காரோடு பெரிப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள். நவால் உயரமான மனுசி, கண்ணுக்கு மை, கையில் துணியால் மூடிய பெரிய பாத்திரம். வாசலிலேயே கத்தரினைக் கட்டிப்பிடித்து ஒரு கன்னத்தில் முத்தம், மறு கன்னத்தில் முத்தம். முடிந்தது என்று கத்தரின் முகத்தை எடுக்க, மனுசி மூன்றாவது முத்தத்துக்கு வந்தாள். மூக்கும் மூக்கும் மோதிக்கொண்டன. இருவருக்கும் சிரிப்பு. நல்ல சகுனம் என்று நினைத்தாள் கத்தரின்.

"வற எனப்!" என்றாள் நவால், பாத்திரத்தைத் தட்டிக் காட்டி.

"ஓம், வறை!" என்றாள் கத்தரின், குசினியைக் காட்டி.

"வற!"

"வறை, வறை!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அரபிக்காரிக்கும் தமிழச்சிக்கும் இடையில் இவ்வளவு ஒற்றுமை எங்கே கிடைக்கும்?

குசினிக்குள் வந்ததும் நவால் சட்டைக் கையை மடித்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டு வடிவாகக் கை கழுவினாள். கழுவிவிட்டு வந்து மேசையில் அமர்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக் காத்திருந்தாள். கத்தரினுக்குப் பாவமாகிவிட்டது. பத்து மணிக்கே மனுசிக்குப் பசி! கை கழுவி வந்து இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதா? ஓடிப்போய்க் கோப்பை எடுத்து, சோறு போட்டு, பக்கத்தில் வறையை அள்ளி வைத்து, நவாலின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ."

நவால் கோப்பையைப் பார்த்தாள். பிறகு கத்தரினைப் பார்த்தாள். விரலால் ஒரு பச்சைக் கீலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜொயெல் வாயைப் பொத்தினாள். கார்ச் சாவியோடு பின்னால் வந்த றொக்சன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா... இலையை வெட்டிப்போட்டியளோ?"

"வறைக்கு வெட்டாமல்?"

"ஐயோ அம்மா! அது வறை இல்லை. வற எனப். அவையின்ரை பாஷையிலை முந்திரிகை இலை எண்டு அர்த்தம். இலைக்குள்ளை அரிசியும் இறைச்சியும் வைச்சுச் சுருட்டி அவிக்கிறது. உங்களோடை இருந்து சுருட்டத்தான் அன்ரி வந்தவ. இரண்டு நாளா அந்த இலையை ஆய்ஞ்சு அடுக்கினவ!"

கத்தரின் துணியை விலக்கி நவாலின் பாத்திரத்துக்குள் பார்த்தாள். அரிசியும் அரைத்த ஆட்டிறைச்சியும் பிசைந்தபடி, சுருட்ட இலையில்லாமல் கிடந்தது. அவமானம் என்றால் இதுதான். இனி இந்த மனுசி பிள்ளைகளை இங்கே இருக்க விடுவாளா? பெயின்ற் அடித்து வைத்த பேஸ்மென்றைக் காலை ஏழு மணிக்கு வெட்டுப்பலகையில் வைத்துத் தானே அரிந்துவிட்டாளே!

நவால் ஒரு வாய் வறையை எடுத்து மென்றாள். மெதுவாக, நெடுநேரம் மென்றாள். பிறகு ஏதோ சொன்னாள். கத்தரின் வழக்கம்போல முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிரிக்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. இனி எதைச் சொல்வது? ஓமா, ஐயோ பாவமா? சொல்வதற்கு முதலே நவாலின் கண் யன்னலுக்கு வெளியே போயிற்று. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள்.

"போகப்போறா! மறியடா றொக்சன்!" என்று கத்தரினும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள்.

நவால் போகவில்லை. பின்வேலிக்குப் போனாள். அங்கே அருமைராசா பெரிய கத்தரிக்கோலோடு நின்றார். தோளில் ஒரு பாரம் கொடி, பக்கத்தில் குப்பைக்கு வைத்த கடதாசிப் பைகள் இரண்டு.

"நோ, நோ, முஸ்யூ!" என்று நவால் கத்தினாள்.

"உய், உய்" என்றார் அருமைராசா. பெண்சாதியோடு இருந்து இவருக்கும் தொற்றிவிட்டது. இன்னும் ஒரு கொப்பை வெட்டினார்.

நவால் அவருடைய கையிலிருந்து கத்தரிக்கோலைப் பறித்தாள். தோளில் கிடந்த கொடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, கத்தரினின் முகத்துக்கு நேரே பிடித்து, "வற எனப்!" என்றாள். இந்தத் தடவை நன்றாகச் சிரித்தாள்.

காட்டு முந்திரிகை! பத்து வருடமாக "சனியன் கொடி" என்று திட்டித் திட்டி வெட்டி, குப்பை வண்டிக்குக் கொடுத்தது அதைத்தான். சொன்ன வேலையை அருமைராசா ஒருநாளும் நேரத்துக்கு முடித்ததில்லை. அன்றைக்கு அந்தச் சோம்பல்தான் குடும்ப மானத்தைக் காப்பாற்றியது.

நவாலின் இலைகளைப்போல இவை பெரிதில்லை, கொஞ்சம் மெல்லிசு. இளம் இலையாகப் பார்த்து ஆய்ந்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பளபளப்பான பக்கம் கீழே, நரம்புப் பக்கம் மேலே. நடுவில் விரலளவு அரிசியும் இறைச்சியும். கீழ் ஓரத்தை மேலே மடித்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, சுருட்டு. இறுக்கக்கூடாது, அரிசி பொரும இடம் வேண்டும். நவால் ஒருதடவைதான் காட்டினாள். கத்தரின் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாகத் துவாய் மடிக்கிறவள். மூன்றாவது இலையிலேயே கை பழகிவிட்டது. அவள் சுருட்டிய இலையை நவால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மகளிடம் காட்டினாள். அருமைராசா சுருட்டியதைப் பேசாமல் அவிழ்த்துத் திருப்பிச் சுருட்டினாள்.

அரைமணித்தியாலம் போனது. கத்தரினின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்கு வந்தது. பேஸ்மென்ற் தப்பிவிட்டது என்று நினைத்தாள். சமையல் முடிய மனுசியைக் கீழே கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அந்த நீலம் அவளுக்குப் பிடிக்காமல் போகாது.

அப்போது நவால் சுருட்டிக்கொண்டே ஏதோ பேசத் தொடங்கினாள். பிரெஞ்சில், மெதுவாக. பேசப் பேச மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. ஆனால் உதடு சிரித்தது. கத்தரின் திகைத்துவிட்டாள். அழுகிற முகமா, சிரிக்கிற முகமா? "கல்கரி" என்ற சொல் ஒருதடவை கேட்டது. பிறகு இன்னொருதடவை. முடிவில் நவால் கேள்வி போல எதையோ கேட்டு நிறுத்த, கத்தரினின் வாய் பழக்கதோஷத்தில் "உய், உய்" என்றது. நவால் சடாரென்று எட்டி, இறைச்சி பூசிய கையாலேயே அவளுடைய கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

கத்தரின் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். காலையில் வறைக்கு ஓம் சொன்னவள் அல்லவா இவள்? இப்போது எதற்குச் சொன்னாள்? இதற்கு முதல் எதெதற்கெல்லாம் சொல்லியிருப்பாள்?

"றொக்சன்" என்றாள். "எனக்கு விளங்கேல்லை."

முப்பது வருடத்தில் முதல் தடவை. அருமைராசா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்ன விளங்கேல்லை அம்மா?"

"அவ என்னத்துக்கு அழுறா? ஆர் கல்கரிக்குப் போறது?"

றொக்சன் சிரித்தான். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "நாங்கள்தான் அம்மா. எனக்கு அங்கை வேலை மாத்தம். செப்டெம்பரிலை போறம், அப்பார்த்துமோவும் பாத்தாச்சு. நான் ஈஸ்டருக்கே சொன்னனான். நீங்கள் ஓம், சந்தோஷம் எண்டு சொன்னனீங்கள்."

அருமைராசாவின் கண் பேஸ்மென்றுப் படிப்பக்கம் போய்த் திரும்பியது. கத்தரின் அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப பேஸ்மென்ற்?"

"அது நீங்கள் வாடகைக்குக் குடுக்கப்போறியள் எண்டு நினைச்சன் அம்மா."

"அவ என்ன சொன்னவ? அதை முதல் சொல்லு."

றொக்சன் ஜொயெலைப் பார்த்தான். சொல்லைத் தேடித் தேடிச் சொன்னான். "அன்ரி முதல் மாட்டன் எண்டு சொன்னவ. தனிய இருக்கிற ஆளெல்லோ. ஒரு கிழமை ஜொயெலோடை கதைக்கேல்லை. பேந்து, நீங்கள் ஓம் எண்டு சொன்னதை நான் போய்ச் சொன்னன். அந்தத் தாய்க்கும் ஒரே பிள்ளைதானே, அவவே சிரிச்சுக்கொண்டு விடுறா, மறிக்க நான் ஆர் எண்டு யோசிச்சவவாம். உங்களைப் பாத்துத்தான் தானும் ஓம் எண்டவவாம். உங்கடை மனசு பெரிசு எண்டு சொல்லத்தான் இண்டைக்கு வந்தவ."

கத்தரினின் கையில் பாதி சுருட்டிய இலை இருந்தது. என்ன செய்துவைத்திருக்கிறாள்! விளங்காமல் சொன்ன ஒரு ஓம். அது ஆற்றைத் தாண்டி லாவலுக்குப் போய், இந்த மனுசியின் வாயிலிருந்தும் ஒரு ஓமைப் பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இப்போதும் சும்மா சிரித்துத் தலையாட்டினால் கதை முடிந்தது, பெரிய மனசுக்காரி என்ற பெயராவது மிஞ்சும். அழுகை வந்தது. கோபமும் வந்தது, யாரில் என்றுதான் தெரியவில்லை.

"விளங்கேல்லை எண்டதைப் பிரெஞ்சிலை என்னெண்டு சொல்லுறது?"

"அம்மா, இப்ப ஏன்..."

"சொல்லடா."

"ஜ நே பா கொம்ப்ரி."

கத்தரின் நவாலின் பக்கம் திரும்பினாள். "நவால்" என்றாள். "ஈஸ்டர். நான் உய் எண்டு சொன்னனான்." தன்னுடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "ஜ நே பா கொம்ப்ரி."

நவால் புருவத்தைச் சுருக்கினாள். மகளைப் பார்த்தாள், றொக்சனைப் பார்த்தாள், அடுப்படியில் ஆறிக்கிடந்த வறைச் சட்டியைப் பார்த்தாள். அந்தச் சட்டியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கையிலிருந்த இலையை மேசையில் வைத்தாள். எழும்பி, தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, கத்தரினின் பக்கத்தில் போட்டு இருந்தாள். பிறகு பிள்ளைகள் இருவரையும் பார்த்து, எதிரே இருக்கும்படி கையைக் காட்டி ஒரு வசனம் சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் கத்தரின்.

"எங்களைத் திருப்பிக் கேக்கட்டாம்" என்றான் றொக்சன். "முதலிலையிருந்து. இரண்டு பேரிட்டையும்."

"அப்ப கேள். தமிழிலை கேள். ஆறுதலாக் கேள்."

றொக்சன் கேட்டான். பாவம், வியர்த்து விறுவிறுத்துப் போனான். வேலை மாற்றம் என்ன என்று சொன்னான். விமானத்தில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் என்று சொன்னான். குறைந்தது மூன்று வருடம் என்று சொன்னான். தெரியாத சொல் வந்த இடத்தில் நின்றான், தகப்பன் எடுத்துக் கொடுத்தார், பிறகு போனான். கத்தரின் அவனுடைய முகத்தைப் பார்க்காமல், இலையைப் பார்த்துக்கொண்டு காதால் மட்டும் கேட்டாள். ஒரு சொல்லும் தவறவில்லை.

"அம்மா, நாங்கள் போகட்டோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். கையிலிருந்த இலையைச் சுருட்டி முடித்து, பாத்திரத்தில் மற்றவற்றோடு அடுக்கினாள்.

"பொறு ராசா" என்றாள் கத்தரின். "இப்ப எனக்கு விளங்கீட்டுது. அதுதான் உடனை சொல்லேலாமல் கிடக்கு."